வீடு தேடி அலுத்தபோது

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் வாசிக்கப்பட்ட உரை)



எங்களுக்கு மேடை புதிது. அதனால் எழுதி வைத்து வாசிக்கிறோம். எழுதியது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து, வாசிப்பது ஒருவர். மற்றவர் பெண்கள் பகுதியில் முன்வரிசையில் இருக்கிறார். எங்கேயாவது கூட்டிக் குறைத்துச் சொன்னால் அங்கிருந்து இருமல் சத்தம் வரும் என்று எச்சரித்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

குடும்ப நலக் குழுவினர் எங்களிடம் கேட்டது, ‘முதல் வீடு வாங்குவது எப்படி?’ என்று பேச வேண்டும் என்பது. அதைச் சொல்ல எங்களைவிட வக்கீல்களும் பத்திர எழுத்தர்களும் தகுதியானவர்கள். வீடு தேடித் தேடி எப்படி அலுத்துப் போனோம், அந்த அலுப்பில் என்ன செய்தோம் என்று வேண்டுமானால் பேசுகிறோம் என்றோம். ஒப்புக்கொண்டார்கள். இந்த மஹல்லாவில் இப்போது வீடு தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஐந்தாறு எங்களுக்கே தெரியும். அவர்களுக்காகத்தான் இது.

எங்களில் ஒருவருக்கு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதும் வேலை. காய் வரத்து எப்போது, ஏலம் போடியிலா புத்தடியிலா என்பதை வைத்துத்தான் வீட்டில் சோறு எத்தனை மணிக்கு என்பது முடிவாகும். மற்றவர் வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறார். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் எங்களோடு. பதினொரு வருடம் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். நல்ல மனிதர் வீடு. 2023 ஜூனில் அவர் வந்து, ‘பையனுக்குக் கல்யாணம் பேசுறோம், ஒரு வருஷம் டைம் எடுத்துக்கோங்க’ என்றார். அதே மாதம் 15ஆம் தேதிதான் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் நின்றுபோயிருந்த ரயில் மறுபடி போடிக்கு வந்தது. ஊரே ஸ்டேஷனில் நின்று வேடிக்கை பார்த்தது. நாங்களும் பார்த்தோம். அந்த ரயில் எங்கள் பட்ஜெட்டின் மேல் ஏறிப் போகப்போகிறது என்று அப்போது தெரியாது.

கையில் இருந்தது பதினாறு லட்சம். சீட்டுப் பணம், விற்ற நகை, வளைகுடாவில் இருக்கும் சின்னவர் தந்த அழகிய கடன் எல்லாம் சேர்த்து. வட்டிக்கு வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு. ஒத்திக்குப் பிடிக்கலாமா என்று யோசித்தோம். மதுரை, தேனிப் பக்கம் அதுதானே வழக்கம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது தொகை அப்படியே திரும்பி வரும். நம் ஆலிம் அவர்களிடம் கேட்டோம். கொடுத்த கடனுக்கு ஈடாக வீட்டை அனுபவிப்பது வட்டியின் வாசலுக்குப் போய்விடும் என்றார்கள். விட்டுவிட்டோம். ஆக, பதினாறு லட்சத்துக்குள் கிரையம். ஒன்று பழைய வீடு, இல்லையென்றால் மனை வாங்கிச் சின்னதாகக் கட்டுவது.

முதல் இரண்டு மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கிளம்புவோம். மேலச்சொக்கநாதபுரம், ராசிங்கபுரம், சிலமலை, இந்தப் பக்கம் முந்தல் வரைக்கும் ஒரு சுற்று. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். பார்த்த வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பிள்ளைகள் ‘நம்ம ரூம் எது?’ என்று ஓடிப் பார்ப்பார்கள். பதினைந்தாவது வீட்டுக்குப் பிறகு அவர்கள் வண்டியை விட்டே இறங்கவில்லை.

காய் விலை 2019 ஆகஸ்டில் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அப்புறம் ஆயிரத்துக்குக் கீழேயும் இறங்கியது. மனைக்காரர்கள் மட்டும் அந்த ஏழாயிரத்தை மறக்கவே இல்லை. இறங்கிய காய்க்கு ஏறிய விலை சொன்னார்கள். கேட்டால், ‘ரயில் வந்துருச்சுல்ல, மெட்ராஸ்காரங்க வர ஆரம்பிச்சுட்டாங்க’ என்றார்கள். பொட்டிபுரம் பக்கம் ஒரு தரகர் இன்னும் பழைய பாட்டே பாடினார். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அம்பரப்பர் மலையைக் குடைந்து அமைப்பதாகத் திட்டம். மக்களும் எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது, மாநில அரசும் வேண்டாம் என்றுவிட்டது. ஆனால் அந்தத் தரகரின் கணக்கில் விஞ்ஞானிகள் நாளைக் காலை பெட்டியோடு வந்து இறங்கப்போகிறார்கள்.

இது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் உண்டு. போனில் விலை, அளவு, திசை எல்லாம் பேசி முடித்த பிறகு ‘உங்க பேரு?’ என்பார்கள். சொன்னதும் ஒரு சின்ன அமைதி. பிறகு, ‘நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு.’ இது நான்கு தடவை நடந்தது. நான்கும் நோட்டில் இருக்கின்றன. அவரவர் சொத்து, அவரவர் விருப்பம், சண்டை போடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர்களிலும், வாடகைக்கு வருபவரின் ஊரையும் குலத்தையும் விசாரித்துவிட்டு ‘வீடு போயிருச்சு’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் எங்களுக்கு வீட்டைக் கொடுத்தவர் நம் சமுதாயத்தவர் அல்லர்.

இப்போது அலுப்புக்கு வருகிறோம். களைப்பு வேறு, அலுப்பு வேறு. களைப்பு ஒரு இரவு தூங்கினால் போய்விடும். இது போகாது. ‘பர்ன் அவுட்’ என்று இப்போது பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலையிடத்தில் நெடுநாள் தீராத அழுத்தத்தால் வரும் நிலை என்கிறார்கள். சத்து வடிந்துபோவது, செய்யும் காரியத்தின் மேல் வெறுப்பும் ஒட்டாமையும் வருவது, ‘நம்மால் ஆகாது’ என்ற எண்ணம் படிவது, இந்த மூன்றும்தான் அடையாளம். சம்பள வேலையைப் பற்றித்தான் அந்த வரையறை. ஆனால் வீடு தேடுவதும் வேலைதானே? சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, எப்போது முடியும் என்பதும் கிடையாது.

மூன்றும் எங்களுக்கு வரிசையாக வந்தன. செப்டம்பரில் காய் சீசன் சூடு பிடித்தது. கடையிலிருந்து ராத்திரி ஒன்பதரைக்கு வந்து, அதற்கு மேல் தரகர்களுக்குப் போன். டிசம்பரில், எந்த வீட்டைப் பார்த்தாலும் வாசலிலேயே குறை கண்டுபிடித்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பினோம். தையல் மிஷினில் இருப்பவர், ‘நீங்களே பாத்துட்டு வாங்க, எனக்கு எதுவா இருந்தாலும் சரி’ என்று சொல்ல ஆரம்பித்தார். அதை நாங்கள் விட்டுக்கொடுத்தல் என்று நினைத்தோம். அது அலுப்பு. அம்மாவுக்கு இரவில் தூக்கம் போய் பிரஷர் மாத்திரை ஒன்று கூடியது. ‘என்னாலதான் பெரிய வீடா தேடுறீங்க, என்னை உங்க அக்கா வீட்டுல விட்டுடுங்க’ என்று ஒரு நாள் சொன்னார்கள். அந்த வார்த்தைக்கு இன்று வரை எங்களிடம் பதில் இல்லை.

அந்த மாதிரி ஒரு ஜனவரி சாயங்காலத்தில்தான் அட்வான்ஸ் கொடுத்தோம்.

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் பிரிந்து, பொட்டிபுரம் போகும் வழியில், மலையடிவாரத்தில் ஒரு மனைப்பிரிவு. யாருடையது, எந்த ஊராட்சி என்று சொல்லப்போவதில்லை. அது இந்தப் பேச்சுக்குத் தேவையும் இல்லை. மூன்று சென்ட், சென்ட் ஒரு லட்சத்து இருபதாயிரம். பின்னால் மலை, முன்னால் தென்னந்தோப்பு, காற்று சொல்ல வேண்டாம். ‘இன்னொரு பார்ட்டி காலையில வர்றாங்க’ என்றார்கள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வாக்கியம் நன்றாகத் தெரியும். நாங்களே காய் வாங்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லியிருக்கிறோம். அப்படியும் ஐம்பதாயிரம் கொடுத்தோம். ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து.

ஆவண ஜெராக்ஸ் மூன்று நாள் எங்கள் அலமாரியில் இருந்தது. இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. ‘முடிஞ்சுதுடா அல்லாஹ்’ என்ற நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நாலாம் நாள் கடைக்கு வந்த ஒரு பத்திர எழுத்தர்தான் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிலம் விவசாய நிலம். பட்டா கூட்டுப்பட்டா. வரைபடத்தில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஒரு வரி. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண் எங்கேயும் இல்லை. ‘இது ரெஜிஸ்டர் ஆகாது பாய்’ என்றார்.

ஏன் ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விளைநிலத்தைக் கூறு போட்டு விற்பது பெருகியபோது, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவும் அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே போடப்பட்ட மனைகளை வரன்முறை செய்துகொள்ள 2017இல் விதிகள் வந்தன. அதற்குப் பிறகு அனுமதி இல்லாமல் போட்ட பிரிவுக்கு அந்த வழி கிடையாது. நாங்கள் பார்த்த கற்கள் எல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்த கற்கள்.

பணம் திரும்பக் கேட்டு நடந்த நடை தனிக் கதை. நான்கு மாதத்தில் இருபதாயிரம் வந்தது. முப்பதாயிரம் வரவில்லை. துண்டுச் சீட்டில் என்ன பணம், எந்த மனை, எப்போது திருப்புவது என்று ஒன்றும் எழுதவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமானது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதும் சாட்சி வைப்பதும் பற்றியது அது. ஓதத் தெரிந்த எங்களுக்கு அன்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

யார் எங்களை ஏமாற்றினார்கள் என்று சிலர் கேட்டார்கள். எங்களுக்கு அந்தக் கேள்வியைவிட வேறொன்று உறுத்தியது. ஆறு மாதத்துக்கு முன்னால் அதே காகிதத்தை யாராவது நீட்டியிருந்தால் நாங்களே கண்டுபிடித்திருப்போம். ஜூலையில் நோட்டில் எழுதிய பக்கங்களைப் பாருங்கள்: சர்வே எண், பட்டா யார் பெயரில், தண்ணீர் எந்தக் கிழமை என்று எல்லாம் இருக்கிறது. ஜனவரிப் பக்கத்தில் ‘காற்று நல்லா வருது’ என்று மட்டும் எழுதியிருக்கிறோம். எங்கள் அறிவு குறையவில்லை, தெம்புதான் தீர்ந்துபோயிருந்தது. வீடு பிடித்து அட்வான்ஸ் கொடுப்பது ஒன்று. தேடல் முடிந்தால் போதும் என்று கொடுப்பது இன்னொன்று. நாங்கள் கொடுத்தது இரண்டாவது.

2024 மார்ச்சில் ரமலான் பிறந்தது. அம்மாதான், ‘இந்த ஒரு மாசம் வீட்டுப் பேச்சே வேண்டாம்’ என்றார்கள். தரகர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, பெருநாள் கழித்துக் கூப்பிடுகிறோம் என்று சொன்னோம். நல்ல வீடு கைவிட்டுப் போய்விடுமே என்று முதல் வாரம் பதறியது. இரண்டாம் வாரம், வண்டியில் போகும்போது ‘விற்பனைக்கு’ போர்டைப் படிக்காமல் போக முடிந்தது. கடைசிப் பத்தில் ஒரு நாள் சஹர் நேரத்தில் எங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டோம். எதைப் பற்றி என்பது நினைவில்லை. நெடுநாளைக்குப் பிறகு சிரித்தோம் என்பது நினைவிருக்கிறது.

வீட்டுக்காரரின் கெடு நெருங்கியது உண்மைதான். அவரிடம் நேராகப் போய் நிலைமையைச் சொன்னோம். கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது, தீபாவளி வரைக்கும் இருங்கள் என்றார். இதை எட்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம்! கேட்காமலேயே ஒரு கெடுவைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம். வீடு தேடுகிறவர்கள் முதலில் இருக்கிற வீட்டுக்காரரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். எல்லோரும் எங்களவர் மாதிரி இருக்கமாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள்.

பெருநாளுக்குப் பிறகு தேடிய விதம் வேறு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு வீடு. ஜெராக்ஸ் கைக்கு வராமல் வண்டியை எடுப்பதில்லை. முன்பெல்லாம் வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டு அப்புறம் காகிதம் கேட்போம். ஆசைப்பட்ட கண்ணுக்குக் காகிதத்தில் ஓட்டை தெரியாது. வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்திலேயே பார்க்கலாம். எங்கள் மூத்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பு, அவன்தான் எடுத்துக் கொடுத்தான். ஆனால் வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் காட்டும். பாகம் கேட்கும் தங்கச்சியை அது காட்டாது. அதற்கு வாரிசுச் சான்று பார்க்க வேண்டும், தெருவில் இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டும். வக்கீல் ஒருவருக்கு ஃபீஸ் கொடுத்து மூலப்பத்திரம் முதல் பார்க்கச் சொன்னோம். கொஞ்சம் வலித்தது. போன முப்பதாயிரத்தை நினைத்துக்கொண்டு கொடுத்தோம்.

எங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டதுதான் பெரிய மாற்றம். காகிதமும் பேரமும் ஒருவர். வீட்டைப் பார்த்து ‘ஆம், இல்லை’ சொல்வது மற்றவர். அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. சகோதரர்களே, மன்னிக்க வேண்டும். பதினாறு மணி நேரம் அந்த வீட்டுக்குள் இருக்கப்போகிறவரை ‘ஒரு எட்டுப் பாத்துட்டு வா’ என்று பத்து நிமிடம் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். எங்கள் வீட்டில் அவர் சமைக்கும் நேரத்துக்குப் போய்ப் பார்த்தார். அடுப்படியில் புகை எங்கே போகிறது, பக்கத்து வீட்டு ஜன்னல் எங்கே திறக்கிறது, அம்மா இரவில் கழிவறைக்கு எத்தனை படி இறங்க வேண்டும் என்று பார்த்தார். இந்த மூன்றில் ஒன்றுகூட நோட்டின் முதல் முப்பது பக்கத்தில் இல்லை.

இஷாவுக்குப் பிறகு வீட்டுப் பேச்சு இல்லை. இது மட்டும் ஐந்தாறு தடவை மீறப்பட்டது. அட்வான்ஸ் அன்றைக்கே கொடுப்பதில்லை, குறைந்தது இரண்டு இரவு தாண்ட வேண்டும். ‘காலையில் வேறு பார்ட்டி’ என்றால், அவர்களுக்குப் பரக்கத்தாகட்டும் என்று திரும்பிவிடுவோம். இஸ்திகாரா தொழுதோம். ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், தவறாக நினைக்காதீர்கள்: இஸ்திகாரா தொழுதுவிட்டோம், இனி பத்திரம் பார்க்கத் தேவையில்லை என்று நம்மில் சிலர் இருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழி இங்கே உள்ள எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்டில் இந்த வீடு வந்தது. போடி ஊருக்குள்ளேயே, ஒன்றரை சென்ட், பழைய ஓட்டு வீடு. பதினான்கு லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். இந்த ஒன்பது சதவீதத்தை முதல் நாளிலேயே கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். நாங்கள் முதல் ஆறு மாதம் அதைக் கழிக்காமலேயே வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். மிச்சம் இருந்த பணம் ஓடு மாற்றவும் ஒயரிங்குக்கும் சரியாகப் போனது. 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்து பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது பொருந்தவில்லை. சின்ன மனை பார்ப்பவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீடு மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் முன்னறையில் உட்கார முடியாது. பழைய எங்களாக இருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்போம். வீடு கிடைத்த பிறகு அலுப்பு அன்றைக்கே போய்விடவும் இல்லை. குடிவந்து இரண்டு மாதம் வரைக்கும் போன் அடித்தால் தரகர் என்றே நெஞ்சு துடித்தது. தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறவர்கள், ‘வீடு கிடைச்சா சரியாயிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் போங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை தமிழிலேயே, இலவசமாக, எந்த நேரமும் கிடைக்கும். எங்களில் ஒருவர் அதில் பேசினார். யார் என்று சொல்ல வேண்டாம் என்று உத்தரவு. இருமல் வரவில்லை, அதனால் இதுவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று நினைக்கிறோம்.

நோட்டு இதோ இருக்கிறது. நாற்பது பக்கம் போதாமல் பின்னட்டையிலும் எழுதி, மொத்தம் நாற்பத்து மூன்று வீடு. தேடிக்கொண்டிருப்பவர்கள் வாங்கிப் போகலாம், திருப்பிக் கொடுத்தால் போதும். விலையைப் பார்க்காதீர்கள், அது பழசு. சர்வே எண்ணும், எந்த வீட்டில் என்ன வில்லங்கம் என்பதும் அப்படியே பயன்படும். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் வீட்டில்தான் இருப்போம். காகிதம் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள், சேர்ந்து படிக்கலாம். மூன்று மணி வெயில் அதற்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பன்னிரண்டாம் பக்கத்தில் கொட்டக்குடி ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது. அலுப்பில் சரியாகப் பார்க்காமல் விட்டுவந்தது. போன வாரம்கூட போர்டு தொங்கியது. கிணறு நன்றாக இருக்கிறது, கொல்லைக் கதவு மட்டும் மாற்ற வேண்டும்.